அரிசிக்காக மன்னிப்புக் கேட்ட அமெரிக்க அதிபர்! - ஹைட்டியின் சோற்றுப்பானை காலியான கதை

2010, மார்ச் 10. அமெரிக்க செனட் சபையின் வெளியுறவுக் குழு வாஷிங்டனில் கூடியிருந்தது. கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி என்ற சின்ன நாட்டை நிலநடுக்கம் புரட்டிப்போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஹைட்டிக்கான ஐ.நா-வின் சிறப்புத் தூதர் என்ற முறையில் முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் அங்கே பேச வந்திருந்தார். நிவாரணம், மறுகட்டமைப்பு என்று போய்க்கொண்டிருந்த பேச்சு ஓரிடத்தில் அரிசிக்கு வந்து நின்றது.

பணக்கார நாடுகள் நிறைய உணவு விளைவிக்கின்றன. அதை ஏழை நாடுகளுக்கு விற்றுவிட்டால், அந்த நாடுகள் பயிர் செய்யும் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு நேரடியாகத் தொழில் வளர்ச்சிக்குத் தாவிவிடும். 1980-களிலிருந்து இப்படித்தான் தாங்கள் நம்பியதாகச் சொன்னார் கிளின்டன். அது பலிக்கவில்லை என்றார். தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு வேண்டுமானால் அது நல்லதாக இருந்திருக்கலாம். ஆனால் அது தவறு, அந்தத் தவறில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஹைட்டி மக்கள் தங்களுக்கான நெல்லைத் தாங்களே விளைவிக்கும் வலுவை இழந்ததற்குத் தான்தான் காரணம், வேறு யாருமில்லை, அந்த நினைப்போடுதான் ஒவ்வொரு நாளும் வாழ வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்.

உலகின் பெரிய வல்லரசை எட்டு ஆண்டுகள் ஆண்டவர், ஒரு கவளம் சோற்றுக்காக இப்படி வருந்த வேண்டிய அளவுக்கு அங்கே என்னதான் நடந்தது?

நெல் விளைந்த பள்ளத்தாக்கு

ஹிஸ்பானியோலா என்ற ஒரே தீவை இரண்டு நாடுகள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. கிழக்கே டொமினிகன் குடியரசு, மேற்கே ஹைட்டி. ஹைட்டியின் நடுப்பகுதியில் ஓடுகிறது அர்டிபோனிட் ஆறு. நமக்குக் காவிரி டெல்டா எப்படியோ, அவர்களுக்கு அந்த ஆற்றின் பள்ளத்தாக்கு அப்படி. கால்வாய்ப் பாசனம், சேற்று வயல், நடவு நடும் பெண்கள் என்று படங்களில் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கம்போலவே இருக்கும்.

அறுவடையான நெல் அரிசியாகி ஊர் ஊராகப் போவது பெண்களின் கையில். கிராமத்தில் வாங்கி, மூட்டையாக லாரியில் ஏற்றி, தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கும் பெண் வியாபாரிகளை அங்கே ‘மடான் சாரா’ என்பார்கள். எங்கே தானியம் கிடைத்தாலும் தேடிப் போய்விடும் ஒரு பறவையின் பெயர் அது. வயலுக்கும் ஊருக்கும் நடுவே ஹைட்டியின் பொருளாதாரத்தைத் தாங்கிப்பிடித்தவர்கள் இவர்கள்தான்.

அந்தக் காலத்தில் ஹைட்டியில் பெரும்பாலானோர் தினமும் அரிசி சாப்பிடவில்லை. மக்காச்சோளம், வெள்ளைச்சோளம், மரவள்ளிக்கிழங்கு, சேனை வகைகள், வாழைக்காய் இவைதான் அன்றாடச் சாப்பாடு. அரிசி வாரத்தில் ஓரிரு நாள் பண்டம். நம் பாட்டி தலைமுறையில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் தினச் சாப்பாடாகவும், நெல்லுச்சோறு விசேஷ நாள் சாப்பாடாகவும் இருந்ததல்லவா, அப்படித்தான். 1980-களின் தொடக்கம்வரை, தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஹைட்டியே விளைவித்துக்கொண்டது.

அதற்காக அந்த விவசாயிகள் செழிப்பாக வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. துண்டு துண்டான நிலம், கையில் மண்வெட்டி, உரம் வாங்கக் காசில்லை, கடன் கொடுக்க வங்கியில்லை. மலையில் மரங்களை வெட்டித் தள்ளியதில் மண் அரித்து வந்து பெலிக்ர் அணையில் நிரம்பிக்கொண்டிருந்தது. ஆனாலும், வெளிநாட்டு அரிசிக்குப் போட்டிருந்த இறக்குமதி வரி அவர்களுக்கு ஒரு வேலியாக இருந்தது.

சுதந்திரத்துக்கு வட்டியோடு விலை

ஹைட்டி ஏன் இத்தனை பலவீனமாக இருந்தது என்பதற்கு, இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

18-ம் நூற்றாண்டில் அது பிரான்ஸின் காலனி. ஐரோப்பியர்களின் கோப்பையில் இருந்த காபியிலும் அதில் கலந்த சர்க்கரையிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1791-ல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியனின் படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1-ம் தேதி சுதந்திரம் அறிவித்தார்கள். உலகின் முதல் கறுப்பினக் குடியரசு அப்படிப் பிறந்தது.

பிரான்ஸ் அதை மன்னிக்கவில்லை. 1825-ல் போர்க்கப்பல்களை அனுப்பி, ‘உங்களை நாடாக அங்கீகரிக்க வேண்டுமானால் 15 கோடி ஃபிராங்க் கொடுங்கள்’ என்று மிரட்டியது. அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த முதலாளிகளுக்கான நஷ்டஈடாம்! விடுதலையான அடிமை, தன்னை அடிமையாக வைத்திருந்தவருக்குப் பணம் கட்ட வேண்டும். 1838-ல் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்கும் பிரான்ஸ் வங்கியிடமே கடன் வாங்க வேண்டியிருந்தது. கடனும் அதற்கு மேல் வாங்கிய கடனுமாக அந்தக் கணக்கு முழுதாகத் தீர்ந்தது 1947-ல்தான். பள்ளிக்கூடமும் சாலையும் வாய்க்காலும் ஆகியிருக்க வேண்டிய பணம், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கடல் கடந்து போனது. இடையே 1915-லிருந்து 1934 வரை அமெரிக்க ராணுவம் நாட்டையே கையில் வைத்திருந்தது. பிறகு, 1957 முதல் 1986 வரை துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரம்.

பணக்கார நாடு, ஏழை நாடு என்று இன்று பிரித்துப் பேசுகிறோம். ஹைட்டி விஷயத்தில் அந்தக் கோட்டைப் போட்டவர் யார் என்று தேடுவதற்கு அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

முதலில் போனது உண்டியல்

நம் ஊரில் ஆடு, மாடு எப்படியோ, ஹைட்டி கிராமத்தில் கறுப்புப் பன்றி அப்படி. கிடைத்ததைத் தின்று, எந்த நோய்க்கும் அசையாமல் வளரும் நாட்டு இனம். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமா, வீட்டில் கல்யாணமா, சாவா? பன்றியை விற்றால் பணம். கிராமத்து மக்களின் உண்டியலே அதுதான்.

1970-களின் கடைசியில் தீவுக்குள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்தது. அது தங்கள் நாட்டுக்கும் பரவிவிடும் என்று வட அமெரிக்க நாடுகள் பயந்தன. அவற்றின் பண உதவியோடு, 1980-களின் தொடக்கத்தில் ஹைட்டியின் நாட்டுப் பன்றிகள் கிட்டத்தட்ட ஒன்றுவிடாமல் கொல்லப்பட்டன. பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வெள்ளைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்குச் சுத்தமான குடிநீர் வேண்டும், விலைக்கு வாங்கிய தீவனம் வேண்டும், கூரை போட்ட கொட்டில் வேண்டும். அந்த வசதியெல்லாம் வளர்ப்பவர்களுக்கே இல்லை! ‘நாலுகால் இளவரசர்கள்’ என்று மக்கள் அந்தப் பன்றிகளைக் கிண்டலடித்தார்கள். கிண்டலோடு சேர்ந்து சேமிப்பும் கரைந்தது. பெரிய அடி விழப்போகும் நேரத்தில் கிராமங்களின் கை காலியாக இருந்தது.

வந்து இறங்கியது ‘மியாமி அரிசி’

1986-ல் சர்வாதிகாரி ஜான் குளோட் துவாலியே நாட்டைவிட்டு ஓடினார். கஜானா காலி. புதிய ராணுவ அரசு கடனுக்காக உலக வங்கியிடமும் சர்வதேச நிதியத்திடமும் போனது. கடன் கிடைத்தது, நிபந்தனைகளோடு. சந்தையைத் திற, வரியைக் குறை என்பதுதான் அதன் சுருக்கம். துறைமுகங்களில் அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘டிரி மியாமி’. மியாமி அரிசி. உள்ளூர் அரிசியைவிட விலை குறைவு. கோபத்தில் விவசாயிகள் மியாமி அரிசி ஏற்றிவந்த லாரிகளைச் சாலையில் மறித்த சம்பவங்களும் நடந்தன.

அடுத்த அடி 1990-களில். மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த அதிபர் ஜான் பெர்ட்ராண்ட் அரிஸ்டைடை, 1991-ல் ராணுவம் விரட்டியடித்தது. பிறகு அமெரிக்க அதிபராக வந்த கிளின்டன், 1994 அக்டோபரில் சுமார் 20,000 அமெரிக்க வீரர்களின் பாதுகாப்போடு அவரை நாற்காலியில் திரும்ப உட்காரவைத்தார். கூடவே ஒரு பொருளாதாரத் திட்டமும் வந்தது. அதன்படி 1995-ல், 35 சதவிகிதமாக இருந்த அரிசி இறக்குமதி வரி 3 சதவிகிதமானது. கரீபியன் பகுதியில் மற்ற நாடுகள் வைத்திருந்த வரியோடு ஒப்பிட்டால், இது வரியே இல்லாததற்குச் சமம்.

‘போட்டி நல்லதுதானே, திறமையாக விளைவிப்பவர் ஜெயிக்கட்டும்’ என்று தோன்றலாம். ஆனால், எதிரே நின்றது யார் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க அரிசியில் ஏறக்குறைய பாதி விளைவது, கிளின்டன் ஆளுநராக இருந்த ஆர்கன்சா மாநிலத்தில். நூற்றுக்கணக்கான ஏக்கர் பண்ணைகள், லேசர் வைத்துச் சமன்படுத்திய வயல்கள், ராட்சத அறுவடை இயந்திரங்கள். இவற்றோடு அரசு மானியமும் உண்டு. 2003-ம் ஆண்டில் அமெரிக்க அரிசி விவசாயத்துக்கு அந்த அரசு தந்த மானியம் 130 கோடி டாலர் என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு கணக்கிட்டது. அந்தப் பயிரை விளைவிக்க ஆன மொத்தச் செலவே 180 கோடி டாலர்தான். நூறு ரூபாய் செலவு என்றால் 72 ரூபாய் அரசின் கையிலிருந்து. ஆர்டிபோனிட்டில் மண்வெட்டியோடு நின்றவருக்கோ, வரி என்ற வேலியும் போய், மானியம் என்ற ஊன்றுகோலும் இல்லை. மானியம் தருவதற்கு ஹைட்டி அரசிடம் பணமும் இல்லை. கடன் தந்தவர்கள் அதை விரும்பவும் இல்லை.

இதே காலத்தில் ஜப்பான் என்ன செய்தது தெரியுமா? உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்காக ஓர் அளவு அரிசியை மட்டும் உள்ளே விட்டது. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் 341 யென் வரி போட்டது. உலகச் சந்தையில் அரிசி விற்கும் விலையைவிடப் பல மடங்கு அதிகமான வரி அது. தன் விவசாயிகளைக் காப்பாற்ற மதில் கட்டிக்கொள்ள ஒரு பணக்கார நாட்டால் முடிந்தது. ஏழை நாடு கட்டியிருந்த முள்வேலியையும் பிடுங்க வேண்டியிருந்தது. உலகமயமாக்கலின் விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

‘குளோராக்ஸ் பசி’

நெல் கட்டுப்படியாகாதபோது விவசாயி என்ன செய்வார்? ஊரைவிட்டுக் கிளம்புவார். ஒரு பகுதியினர் கரும்பு வெட்ட டொமினிகன் குடியரசுக்குப் போனார்கள். சிலர் படகேறி ஃப்ளோரிடாவை நோக்கிப் போனார்கள். பெரும்பாலானோர் போர்ட்டோ பிரின்ஸ் வந்து சேர்ந்தார்கள். தையல் தொழிற்சாலைகளில் வேலை கிடைக்கும் என்பது வாக்குறுதி. வந்தவர்கள் லட்சக்கணக்கில், வேலை கிடைத்தது அதில் சிறு பகுதிக்குத்தான். கடலோரத்தில் ‘சிட்டே சோலெய்’ போன்ற குடிசைப் பகுதிகள் வீங்கிக்கொண்டே போயின. ‘சூரிய நகரம்’ என்று அதற்கு அர்த்தம்.

மலிவு அரிசி நகரத்து ஏழைக்கு உதவியது என்பதும் உண்மைதான். வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிட்ட சோறு தினச் சாப்பாடாக மாறியது. சோளமும் கிழங்கும் தட்டிலிருந்து மெல்ல மறைந்தன. ஆனால், மலிவாக இருந்தது எப்போதும் மலிவாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அரிசி இறக்குமதியைக் கையில் வைத்திருந்ததும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய வியாபாரிகள்தான்.

2008-ல் அந்த நாள் வந்தது. உலகச் சந்தையில் டன் 350 டாலர் அளவில் இருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரைத் தொட்டது. எண்ணெய் விலை உயர்வு, பதுக்கல் பயம், ஏற்றுமதி செய்யும் நாடுகள் போட்ட தடைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. தன் மக்களுக்குத் தட்டுப்பாடு வரக் கூடாது என்று இந்தியா போட்ட தடையும் அதில் ஒன்று. சந்தை நம்பிக்கையில் வயலைக் கைவிட்ட ஹைட்டிக்கு, சந்தை கைவிரித்தது.

வயிற்றுக்குள் பிளீச்சிங் திரவத்தை ஊற்றியதுபோல எரிகிறது என்று ஹைட்டி மக்கள் அந்தப் பசிக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ‘குளோராக்ஸ் பசி’. துணி வெளுக்கும் திரவத்தின் பிராண்ட் பெயர் அது. களிமண்ணில் உப்பும் கொழுப்பும் கலந்து வெயிலில் காயவைத்த மண் பிஸ்கட்டுகள் குடிசைப் பகுதிகளில் விற்ற படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. ஏப்ரல் மாதம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். கலவரத்தில் உயிர்கள் போயின. ஏப்ரல் 12-ம் தேதி பிரதமர் ஜாக் எதுவார் அலெக்ஸி பதவியிழந்தார். அரிசி விலை ஓர் அரசைக் கவிழ்த்தது.

அடுத்த இரண்டாண்டுக்குள் நிலநடுக்கம். 2010 ஜனவரி 12 மாலை, தலைநகருக்கு மிக அருகே பூமி குலுங்கியது. இறந்தவர்களின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது என்றது அரசு. அத்தனை பேர் இறந்ததற்குப் பூமியின் குலுக்கலை மட்டும் குறை சொல்ல முடியாது. கட்டட விதிகள் இல்லாத நகரத்தில், சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கட்டிய வீடுகளில் இருந்தவர்களில், கிராமத்து வயலை விட்டுவிட்டு வந்த குடும்பங்களும் ஏராளம். உயிர் பிழைத்தவர்களில் சுமார் 6 லட்சம் பேர் அடுத்த சில வாரங்களில் கிராமங்களுக்கே திரும்பினார்கள். விதைக்கு வைத்திருந்த தானியத்தை எடுத்து அவர்களுக்குச் சோறு போட்டன, ஏற்கெனவே நொடிந்திருந்த அந்தக் கிராமங்கள்.

நிவாரணமாக இலவச அரிசி வந்து குவிந்தபோது, அன்றைய அதிபர் ரெனே ப்ரெவால் ஒரு வேண்டுகோள் வைத்தார். அவர் வேளாண்மை படித்தவர். உணவாக அனுப்புவதைத் தொடர்ந்துகொண்டே இருந்தால் உள்ளூர் விவசாயி விளைவிப்பதை யார் வாங்குவார்கள் என்பது அவரது கவலை.

மன்னிப்புக்குப் பிறகு?

கிளின்டன் மனம் வருந்தியதில் பொய் இருக்க வேண்டியதில்லை. ஆனால், அதன் பிறகு பெரிய திட்டமாக எது வந்தது? 2012 அக்டோபரில் வடக்கே கராக்கோல் என்ற இடத்தில் ஒரு தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. அமெரிக்கக் கடைகளுக்குத் துணி தைக்கும் தொழிற்சாலைகளுக்கான இடம். திறப்பு விழாவுக்கு கிளின்டனும் வந்திருந்தார். அதற்காக நிலத்தைக் காலி செய்தவை 350-க்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள். அது நல்ல விளைநிலம். 60,000 வேலைகள் வரும் என்று பேசப்பட்டது. கிடைத்த வேலைகள் அதன் அருகில்கூட வரவில்லை. வயலை விட்டுவிட்டுத் தையல் மெஷினுக்கு வா என்ற அதே பழைய யோசனைக்குப் புதிய கட்டடம் கிடைத்தது.

இன்றும் ஹைட்டி சாப்பிடும் அரிசியில் சுமார் 80 சதவிகிதம் இறக்குமதி. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. 2024-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, இறக்குமதி அரிசியில் ஆர்சனிக், காட்மியம் ஆகியவற்றின் அளவு உள்ளூர் அரிசியைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்ததாகச் சொன்னது. தினமும் மூன்று வேளையும் அதையே சாப்பிடும் குழந்தைகளை நினைத்தால் இது சாதாரணச் செய்தி இல்லை.

நாம் தப்பித்தது எப்படி?

அமெரிக்க தானியத்தை நம்பியிருந்த நாள்கள் இந்தியாவுக்கும் உண்டு. 1960-களில் பி.எல்.480 திட்டத்தில் வந்த கோதுமைக்காக நம் துறைமுகங்கள் கப்பலை எதிர்பார்த்து நின்றன. 1965, 66 வறட்சி ஆண்டுகளில் அமெரிக்க அதிபர் ஜான்சன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, இழுத்துப் பிடித்துத்தான் அனுப்பினார். அந்த அவமானத்தைப் பார்த்தவர்களில் ஒருவர், அப்போதைய உணவுத்துறை அமைச்சர் சி.சுப்பிரமணியம். வீரிய விதை, பாசனம், ஆதரவு விலை, அரசுக் கொள்முதல் என்று ஒரு முழு ஏற்பாட்டை அந்தக் காலத்தில் இந்தியா கட்டியது. 1965 பொங்கல் நாளில் தொடங்கிய இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது நம் தஞ்சாவூரில்தான்.

அந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் உண்டு. நிலத்தடி நீர் வற்றியது, உரச் செலவு ஏறியது, கொள்முதல் நிலைய வாசலில் நெல் மழையில் நனைவதும் நடக்கிறது. ஆனாலும் 2008-ல் உலகமே அரிசிக்கு அலைந்தபோது நம் ரேஷன் கடையில் அரிசி இருந்தது. இன்று உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. நாம் விற்கும் அரிசி போய் இறங்கும் ஊர்களிலும் உள்ளூர் விவசாயி ஒருவர் இருப்பார் என்பதை நாமும் மறந்துவிடக் கூடாது.

இறக்குமதி அரிசிக்கு இந்தியா அதிக வரி வைத்திருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லியும், ஆதரவு விலையைக் கேள்வி கேட்டும் உலக வர்த்தக அமைப்பில் பணக்கார நாடுகள் நெருக்கடி கொடுக்கின்றன. 2008 ஜூலையில் ஜெனிவா பேச்சுவார்த்தை முறிந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். திடீரென்று இறக்குமதி குவிந்தால் வரியை உயர்த்தும் உரிமை வேண்டும் என்று இந்தியா போன்ற நாடுகள் பிடிவாதமாக நின்றன. 2013-ல் பாலியில் நடந்த மாநாட்டில், அரசு தானியம் கொள்முதல் செய்து இருப்பு வைப்பதற்கு ஒரு தற்காலிகப் பாதுகாப்பு கிடைத்தது. நிரந்தரத் தீர்வு இன்றுவரை பேச்சிலேயே இருக்கிறது. ‘வர்த்தகப் பேச்சுவார்த்தை’ என்று செய்தியில் வந்தால் நம்மில் பலரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ரேஷன் கடைக்குப் பை எடுத்துக்கொண்டு போகிறவர்களின் பிரச்னைதான் அந்த மேஜையில் பேசப்படுகிறது.

அங்கே அழுத்தம் வந்தால் ‘முடியாது’ என்று சொல்ல இந்தியாவுக்கு 140 கோடி மக்களும் நிரம்பிய கிடங்குகளும் பலமாக இருக்கின்றன. சுமார் ஒன்றே கால் கோடிக்கும் குறைவான மக்களும் காலி கஜானாவும் வைத்திருந்த ஹைட்டிக்கு அந்த வார்த்தையைச் சொல்லும் தைரியம் வாய்க்கவில்லை.

2021-ல் அதிபர் ஜோவெனெல் மோயிஸ் படுகொலை செய்யப்பட்ட பிறகு, ஹைட்டியில் ஆயுதக் கும்பல்களின் ராஜ்ஜியம். அந்தக் கும்பல்கள் அர்டிபோனிட் பள்ளத்தாக்கையும் விட்டுவைக்கவில்லை. 2024 அக்டோபரில் அங்குள்ள போன்ட் சோண்டே ஊருக்குள் புகுந்து 70-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கடும் பசியில் இருப்பதாகச் சொல்கிறது ஐ.நா. வயலுக்குப் போகவே பயப்படும் நிலையிலும், அந்தப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் பேர் இன்னும் நெல் நடுகிறார்கள். மியாமி அரிசியைவிட விலை கூடுதல் என்றாலும், ருசிக்காக உள்ளூர் அரிசியைத் தேடி வாங்குபவர்கள் சந்தையில் இருக்கிறார்கள். விலைக்கு வாங்க ஆளும், விதைக்க ஆளும் மிச்சமிருக்கும்வரை, அந்த வயல்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.